அம்மாவின் குரல் பதிவுகளை ரான்சம்வேர் பூட்டிவிட்டது, மீட்க வழி உண்டா?

கதைகேட்டவன் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. நேற்று இரவு முழுக்கத் தூங்கவில்லை. எழுதுவது முன்னுக்குப் பின்னாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மா சின்ன வயதில் தன் பாட்டியிடம் கேட்ட கதைகளை இரண்டு வருடமாக ஒரு கையடக்க ரெக்கார்டரில் பதிவு செய்து வந்தேன். மொத்தம் 62 பதிவுகள். எல்லாம் வேவ் ஃபைல்கள். சில பத்து நிமிஷம், சில முக்கால் மணி நேரம். அதைக் கேட்டுக் கேட்டு வேர்டில் தட்டச்சு செய்துகொண்டிருந்தேன். 41 கதைகள் முடிந்திருந்தன. அம்மா போன வருடம் போய்விட்டார். மறுபடி உட்கார வைத்துக் கேட்க முடியாது. அதனால்தான் இந்தப் பதற்றம்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், திட்டுவதென்றால் திட்டிக்கொள்ளுங்கள். பதிவுகளில் ஃபேன் சத்தம் அதிகம். அதை நீக்க ஒரு மென்பொருள் நல்லது என்று கேள்விப்பட்டேன். காசு கொடுத்து வாங்க வேண்டியது. ஒரு தளத்தில் கிராக் செய்தது சும்மா கிடைத்தது. நிறுவுவதற்கு முன் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லி அதிலேயே எழுதியிருந்தது. அணைத்தேன், என் கையாலேயே.

கொஞ்ச நேரத்தில் விண்டோஸ் அப்டேட் ஆவது போல ஒரு ஜன்னல் வந்தது. அது ஓடட்டும் என்று எழுந்து போய்விட்டேன். திரும்பி வந்தால் டெஸ்க்டாப்பில் எல்லா ஐகானும் வெள்ளைத் தாளாக இருக்கிறது. ஒவ்வொரு ஃபைல் பெயருக்குப் பின்னாலும் அர்த்தமில்லாத நான்கு எழுத்து வால். ஃபோல்டருக்கு ஃபோல்டர் ரீட்மீ என்று ஒரு டெக்ஸ்ட் ஃபைல். உன் ஃபைல்களை எல்லாம் பூட்டிவிட்டோம், திறக்க 980 டாலர், 72 மணி நேரத்துக்குள் தொடர்புகொண்டால் பாதி விலை, 490 டாலர் என்று இருக்கிறது. நம்பிக்கை வர ஒரு ஃபைலை இலவசமாகத் திறந்து காட்டுவார்களாம். இப்படிப் பூட்டிப் பணம் கேட்கும் வைரஸைத்தான் ரான்சம்வேர் என்கிறார்கள்.

பேக்கப் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று. அதுவும் கணினியிலேயே சொருகிக் கிடந்தது. அதுவும் போச்சு.

இப்போது வைஃபையை அணைத்து வைத்திருக்கிறேன். அதற்கு முன் ஆன்டிவைரஸ் தளங்களைத் திறந்து பார்த்தேன், ஒன்றுகூடத் திறக்கவில்லை. இதை ஃபோனில் இருந்து எழுதுகிறேன். இரண்டே கேள்விகள். இந்தப் பீடையை எப்படி நீக்குவது? நீக்கினால் ஃபைல்கள் திறந்துகொள்ளுமா? ஃபைல் பெயரில் இருக்கும் வாலை எடுத்துவிட்டால் போதும் என்று ஒருவர் சொன்னார், ஒரு வேர்ட் ஃபைலில் செய்து பார்த்தேன், ஃபைல் பழுதாகியிருக்கிறது என்கிறது.

விரைவுவிடை எழுதியது:

ப்ரோ, ஃபார்மட் போட்டு விண்டோஸைப் புதுசா ஏத்துங்க. அரை மணி நேர வேலை. ஃபைல் போனது போனதுதான்.

பழுதுபெட்டி எழுதியது:

கதைகேட்டவன் நண்பரே, மேலே சொன்னதைத் தயவுசெய்து இப்போது செய்யாதீர்கள். ஃபார்மட் கடைசியில் வரும், அவசியம் வரும். ஆனால் முதலில் அல்ல. எட்டு வருடமாகக் கணினி பழுது பார்க்கிறேன். என்னிடம் வந்தவர்களில் வைரஸால் இழந்ததைவிட, பதறிப்போய்ச் செய்த முதல் ஒரு மணி நேர வேலையால் இழந்தவர்கள் அதிகம்.

உங்கள் இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். வைரஸை நீக்குவது வேறு, பூட்டைத் திறப்பது வேறு. திருடன் வீட்டுக்குள் புகுந்து பீரோவைத் தன் பூட்டால் பூட்டிவிட்டான் என்று வையுங்கள். அவனை அடித்து வெளியே துரத்தலாம். பீரோ பூட்டியே இருக்கும், சாவி அவன் மடியில். எந்த ஆன்டிவைரஸும் திருடனைத் துரத்தும், பீரோவைத் திறக்காது. நான் சொல்வதைக் கேட்ட பிறகும் 'ஸ்கேன் முடிந்தது, ஆனால் படம் திறக்கலையே' என்று கேட்பவர்கள் உண்டு, அதனால் அழுத்திச் சொல்கிறேன்.

நீங்கள் சொன்ன அடையாளங்களை வைத்துப் பார்த்தால் இது ஸ்டாப் டிஜேவியூ என்ற ரான்சம்வேர் குடும்பம். நான்கு எழுத்து வால், ரீட்மீ, 980, 490, போலி அப்டேட் ஜன்னல், கிராக் மென்பொருள், எல்லாம் அதன் முகம். நிறுவனங்களைத் தாக்குகிற பெரிய கும்பல்கள் வேறு. இது வீட்டுக் கணினிகளைத் தின்கிற வகை. உறுதி செய்ய ஐடி ரான்சம்வேர் என்ற தளத்தில் அந்த ரீட்மீயையும் பூட்டிய ஃபைல் ஒன்றையும் ஏற்றிப் பாருங்கள், பெயரைச் சொல்லிவிடும். அது இலவசம். நோ மோர் ரான்சம் என்று இன்னொன்றும் இருக்கிறது. நெதர்லாந்து போலீஸும் ஐரோப்பியப் போலீஸ் அமைப்பான யூரோபோலும் இரண்டு பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து 2016இல் தொடங்கியது. எந்த வகைக்குத் திறப்பான் வெளிவந்திருக்கிறது என்று அங்கே பார்க்கலாம். இரண்டையும் வேறு கணினியிலிருந்து திறங்கள்.

இப்போது கணினியைத் தொடுவோம். நெட் அணைந்தே இருக்கட்டும். வெளி டிஸ்க்கைப் பிடுங்கி வையுங்கள். இனி எந்தப் பென்டிரைவையும் அதில் சொருகாதீர்கள். ஏனென்றால் இந்த வகை ஒரு முறை ஓடிவிட்டு அடங்குவதில்லை. குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டுகிற டாஸ்க் ஷெட்யூலரை விண்டோஸில் திறந்தால் 'டைம் டிரிக்கர் டாஸ்க்' என்று ஒன்று இருக்கும். அது சில நிமிஷத்துக்கு ஒரு முறை வைரஸைத் தட்டி எழுப்பும். புதிதாக எந்த ஃபைல் கண்ணில் பட்டாலும் அதையும் பூட்டும். காலியாக இருந்த பென்டிரைவில் மருந்து கொண்டுவந்து, மருந்தும் பூட்டப்பட்ட கதை என்னிடம் இருக்கிறது.

வேறு கணினியில் எம்சிசாஃப்ட் எமர்ஜென்சி கிட் என்ற வைரஸ் ஸ்கேனரை இறக்கி, வீணானாலும் பரவாயில்லை என்ற ஒரு பென்டிரைவில் போட்டு, சேஃப் மோடில், அதாவது விண்டோஸ் அத்தியாவசியமானவற்றை மட்டும் ஏற்றும் நிலையில், ஓட்டுங்கள். இல்லையென்றால் விண்டோஸிலேயே இருக்கும் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன். அது விண்டோஸ் முழுதாக எழும் முன்பே ஓடும். ஆன்டிவைரஸ் தளங்கள் திறக்கவில்லை என்றீர்களே, அதற்குக் காரணம் ஹோஸ்ட்ஸ் என்ற ஃபைல். அந்தத் தளங்களின் பெயரை அதில் எழுதி வழியை அடைத்துவிடும். சுத்தம் செய்த பிறகு அதையும் பாருங்கள். ஸ்கேனர் ரீட்மீ ஃபைல்களை அழிக்கட்டுமா என்று கேட்டால் ஒன்றிரண்டையாவது காப்பாற்றி வையுங்கள். சி டிரைவில் சிஸ்டம்ஐடி என்று ஒரு ஃபோல்டர் இருக்கும், அதற்குள் பர்சனல்ஐடி. அதை எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள்.

அந்த ஐடிதான் உங்கள் ஜாதகம். கடைசி இரண்டு எழுத்தைப் பாருங்கள். சின்ன எழுத்து ஆங்கில 'டி' (t), அதற்குப் பின் 1 என்று முடிந்தால் ஆஃப்லைன் சாவி. அப்படியென்றால் பூட்டும் நேரத்தில் வைரஸால் தன் சர்வரை எட்ட முடியவில்லை, தனக்குள் வைத்திருந்த பொதுச் சாவியைப் போட்டிருக்கிறது. அந்த ரகத்தில் அதே சாவியால் பூட்டப்பட்ட எல்லாருக்கும் ஒரே சாவி. யாரோ ஒருவர் பணம் கட்டிச் சாவியை வாங்கிக் கொடுத்திருந்தால் உங்களுக்கும் திறக்கும். எம்சிசாஃப்ட் 2019 அக்டோபரில் இதற்கு இலவசத் திறப்பான் வெளியிட்டது. 2019 ஆகஸ்டுக்கு முந்தைய ரகங்கள் பெரும்பாலும் அதில் திறந்தன. ஆகஸ்டில் அந்தக் கும்பல் பூட்டும் முறையையே மாற்றிவிட்டது. அதன் பிறகு வந்த ரகங்களில் ஆஃப்லைன் சாவிக்குத்தான் வாய்ப்பு, அதுவும் சாவி கைக்கு வந்திருந்தால்.

'டி1' என்று முடியாவிட்டால் ஆன்லைன் சாவி. உங்கள் கணினிக்கென்றே சர்வர் தந்த தனிச் சாவி. ஆர்எஸ்ஏ 2048 பிட் என்ற வலுவான பூட்டு முறை. அதை உடைக்க என்னாலும் முடியாது, யூடியூபில் 'நூறு சதவீதம் மீட்பு' என்று சிரிக்கிறவனாலும் முடியாது. அந்த வீடியோக்களின் கீழே இருக்கும் திறப்பான்களை இறக்கவே இறக்காதீர்கள். 2020இல் டிஜேவியூ திறப்பான் என்ற வேஷத்தில் ஸோராப் என்று இன்னொரு ரான்சம்வேரே வந்தது. பூட்டிய ஃபைல் மேல் இரண்டாவது பூட்டு. வெந்த புண்ணில் வேல் என்பது இதுதான்.

பணம் கட்டலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனதில் ஓடும். கட்டாதீர்கள் என்பது என் கருத்து. கட்டியவர்களில் சாவி கிடைத்தவர்களும் உண்டு, பதிலே வராதவர்களும் உண்டு. 'நாங்கள் மீட்டுத் தருகிறோம்' என்று விளம்பரம் செய்பவர்களில் சிலர் செய்வது, திருடனுக்கு உங்கள் பணத்தைக் கட்டி, மேலே தங்கள் கமிஷனை வைப்பதுதான்.

ஐடி எப்படி முடிகிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். அப்புறம் ஒன்று: உங்கள் வேவ் ஃபைல்கள் எவ்வளவு பெரியவை?

கதைகேட்டவன் எழுதியது:

மிக்க நன்றி அண்ணா. சேஃப் மோடில் ஸ்கேன் செய்தேன். 11 பொருட்கள் பிடிபட்டன. நீங்கள் சொன்ன டைம் டிரிக்கர் டாஸ்க் அப்படியே அந்தப் பெயரில் இருந்தது, பார்த்ததும் முதுகு சில்லிட்டது. ஹோஸ்ட்ஸ் ஃபைலில் ஏராளமான வரிகள், எல்லாம் ஆன்டிவைரஸ் தளங்கள்.

ஐடி 'டி1' என்று முடியவில்லை. எம்சிசாஃப்ட் திறப்பானையும் ஓட்டினேன். ஆன்லைன் ஐடி, திறக்க இயலாது என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அந்த வரியை நாலு முறை படித்தேன்.

வேவ் ஃபைல்கள் 50 எம்பியிலிருந்து 230 எம்பி வரை. வேர்ட் ஃபைல்கள் 30, 40 கேபிதான். எதற்குக் கேட்டீர்கள்?

பழுதுபெட்டி எழுதியது:

அப்படியா, நல்லது. உண்மையிலேயே நல்லது.

இந்த வைரஸுக்கு அவசரம். நீங்கள் பார்ப்பதற்குள் லட்சம் ஃபைல்களைப் பூட்ட வேண்டும். 200 எம்பி ஃபைலை முழுக்கப் பூட்டிக்கொண்டிருந்தால் மாட்டிக்கொள்ளும். அதனால் புதிய ரகங்கள் ஒவ்வொரு ஃபைலிலும் முதல் 150 கேபியை மட்டும் பூட்டிவிட்டு அடுத்ததுக்கு ஓடிவிடும். சரியாகச் சொன்னால் 1,53,600 பைட். கடைசியில் தன் அடையாளமாகச் சில நூறு பைட்டை ஒட்டும். நடுவில் இருப்பது அத்தனையும் தொடாமல் அப்படியே கிடக்கும். வாயை மட்டும் தைத்துவிட்டுப் போகிறது என்று வையுங்கள்.

வேர்ட் ஃபைல் 40 கேபி என்றால் முழுசாக உள்ளே போய்விட்டது, அதில் ஒன்றும் மிச்சமில்லை. எம்பி3 என்றால் சில சமயம் வாலை எடுத்துவிட்டு விஎல்சியில் போட்டாலே முதல் சில விநாடி தவிர மிச்சம் பாடிவிடும். பெரிய ஜிப் ஃபைலை 7 ஜிப்பில் திறந்தால் முதலில் இருக்கும் ஒன்றிரண்டு தவிர மற்றவை வெளியே வரும். எம்பி4 வீடியோவுக்கு மீடியா ரிப்பேர் என்று ஒரு இலவசக் கருவி இருக்கிறது, அதே கேமராவில் எடுத்த நல்ல வீடியோ ஒன்று மாதிரிக்கு வேண்டும். வேவ் எனக்குப் பழக்கமில்லை, ஒலி வேலை செய்கிறவர்கள் யாராவது இருந்தால் வாருங்கள்.

அதற்குள் ஒன்று செய்யுங்கள். பூட்டிய எல்லாவற்றையும், ரீட்மீ, சிஸ்டம்ஐடி ஃபோல்டரோடு, ஒரு புது டிஸ்க்குக்கு நகல் எடுங்கள். எந்தச் சோதனையும் அந்த நகலின் நகலில்தான். மூலத்தில் கை வைக்கக் கூடாது.

கடவுச்சொல்காரி எழுதியது:

இடையில் ஒரு வார்த்தை. எல்லாரும் ஃபைலைப் பற்றியே பேசுகிறீர்கள். இந்த டிஜேவியூ தனியாக வருவது அபூர்வம். கூடவே அஸோரல்ட், விடார், ரெட்லைன் என்று கடவுச்சொல் திருடும் சமாச்சாரம் ஏதாவது ஒன்றைக் கூட்டிக்கொண்டு வரும். பிரவுசரில் 'நினைவில் வைத்துக்கொள்' என்று சேமித்த கடவுச்சொல் எல்லாம் போயிருக்கும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். என் தம்பிக்கு இப்படித்தான் ஆனது. ஃபைல் போன துக்கத்தில் இருந்தான், நாலாவது நாள் அவன் மெயிலில் இருந்து எல்லாருக்கும் பணம் கேட்டுக் கடிதம் போய்க்கொண்டிருந்தது.

கதைகேட்டவன், ஃபோனில் இருந்து இன்றே மெயில், வங்கி, எல்லாவற்றின் கடவுச்சொல்லையும் மாற்றுங்கள். கடவுச்சொல் மாற்றினால் மட்டும் போதாது, 'எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு' என்பதையும் அழுத்துங்கள், ஏனென்றால் லாகின் ஆன நிலையையே குக்கீயோடு திருடுவார்கள். இரண்டு கட்டச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள். பாதிக்கப்பட்ட கணினியில் உட்கார்ந்து மாற்றினால் புதுக் கடவுச்சொல்லையும் அவனுக்கே கொடுத்த மாதிரி. இதனால்தான் கடைசியில் விண்டோஸைப் புதிதாக ஏற்றியே ஆக வேண்டும்.

அலைவரிசை எழுதியது:

ஒலி வேலை செய்கிறவன் வந்துவிட்டேன்.

வேவ் ஃபைல் என்பது ஒலி ஃபைல்களிலேயே வெள்ளந்தி. சுருக்கம் கிடையாது, மறைவு கிடையாது. முன்னால் வழக்கமாக 44 பைட் தலைப்பு. அதில் 'நான் வேவ், விநாடிக்கு இத்தனை மாதிரிகள், இத்தனை சேனல்' என்று அறிமுகம். அதன் பின் கடைசி வரை வெறும் எண்கள்தான், ஒன்றன் பின் ஒன்றாக. அறிமுகம் போய்விட்டதால் பிளேயருக்கு அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான். அந்த அறிமுகத்தை நாம் வாயால் சொல்லிவிட்டால் போதும்.

ஆடாசிட்டி இலவசம், அதை எடுங்கள். ஃபைல் மெனு, இம்போர்ட், அதில் ரா டேட்டா. பூட்டிய ஃபைலையே நேராகக் கொடுக்கலாம், வாலைக்கூட எடுக்க வேண்டாம். என்கோடிங் என்ற இடத்தில் சைன்ட் 16 பிட் பிசிஎம், பைட் வரிசையில் லிட்டில் எண்டியன், பிறகு சேனல், சாம்பிள் ரேட். ஸ்டார்ட் ஆஃப்செட் என்ற கட்டத்தில் பழுதுபெட்டி சொன்ன 153600.

உங்கள் ரெக்கார்டர் மோனோவா ஸ்டீரியோவா, 44,100ஆ 48,000ஆ என்று பாருங்கள். தெரியாவிட்டால் காதே சொல்லும். ஆஃப்செட்டில் ஒற்றைப்படை எண் போட்டுவிடாதீர்கள். ஒரு மாதிரிக்கு இரண்டு பைட். ஒரு பைட் தள்ளிப் படித்தால் முழு ஃபைலும் மழை பெய்கிற மாதிரி இரையும், ஐயோ எல்லாம் போச்சே என்று நினைத்துவிடுவீர்கள்.

44,100 மோனோ என்றால் விநாடிக்கு 88,200 பைட். 1,53,600ஐ அதால் வகுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பதிவிலும் நீங்கள் இழப்பது ஏறக்குறைய 1.74 விநாடி. முக்கால் மணி நேரப் பேச்சில் ஒன்றே முக்கால் விநாடி.

அந்த ஒன்றே முக்கால் விநாடியும் வேண்டுமென்றால் ஒரு கேள்வி. ரெக்கார்டரின் மெமரி கார்டு எங்கே இருக்கிறது? அதிலிருந்து கணினிக்கு மாற்றிவிட்டு அழித்திருப்பீர்கள். அழித்தது அவ்வளவு சீக்கிரம் போகாது. அந்தக் கார்டில் இனி எதையும் பதிவு செய்யாமல், சுத்தமான வேறொரு கணினியில் சொருகி, அழித்த ஃபைல்களைத் தேடி எடுக்கும் ஃபோட்டோரெக் என்ற கருவியை ஓட்டுங்கள். பெயர் ஃபோட்டோ என்று இருந்தாலும் வேவையும் தேடி எடுக்கும். மீட்டதைக் கார்டிலேயே சேமிக்காதீர்கள், வேறு இடத்தில்.

பழுதுபெட்டி எழுதியது:

கார்டு! எனக்குத் தோன்றாமல் போய்விட்டதே. அருமை அலைவரிசை.

ஃபோட்டோரெக்கைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். வெளி ஹார்ட் டிஸ்க் சுழல்கிற பழைய வகை என்றால் அதிலும் ஓட்டிப் பார்க்கலாம், வேர்ட் ஃபைல்களின் பழைய பிரதி ஏதாவது சிக்கலாம். மடிக்கணினிக்குள் இருப்பது எஸ்எஸ்டி என்றால் நேரத்தை வீணாக்க வேண்டாம். அழித்த இடத்தை ட்ரிம் என்ற ஏற்பாடு காலி செய்துவிடும். விண்டோஸ் எடுத்துவைக்கும் பழைய பிரதியான ஷேடோ காப்பியையும் இந்த வைரஸ் பெரும்பாலும் துடைத்துவிட்டுத்தான் போகும், ஆனாலும் ஷேடோ எக்ஸ்ப்ளோரரில் பார்ப்பதற்கு ஒரு நிமிஷம்தான், பார்த்துவிடுங்கள்.

கதைகேட்டவன் எழுதியது:

ஆறு நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். உட்கார்ந்த இடத்திலிருந்து எழவில்லை.

முதல் பதிவை அலைவரிசை சொன்னபடி ஆடாசிட்டியில் திறந்தேன். அவசரத்தில் ஸ்டீரியோ என்று போட்டுவிட்டேன். அம்மா குரல் அணில் கத்துவது போல இரண்டு மடங்கு வேகத்தில் ஓடியது. பயந்துபோய் நிறுத்திவிட்டு, பிறகு எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அம்மா கேட்டிருந்தால் அவரும் சிரித்திருப்பார். மோனோ என்று மாற்றினேன். ஃபேன் சத்தம் வந்தது, அதன் மேல் அம்மா. எந்த ஃபேன் சத்தத்தை நீக்கப் போய் இத்தனையும் வந்ததோ, அதே சத்தம். இப்போது அதை நீக்க மனசில்லை.

62 பதிவுகளும் வந்துவிட்டன. ஒவ்வொன்றின் கடைசியிலும் 'டக்' என்று ஒரு சின்ன ஓசை, அது வைரஸ் கடைசியில் ஒட்டிய சில நூறு பைட் என்று புரிந்தது, வெட்டிவிட்டேன். ஒரு நாளைக்கு பத்து, பன்னிரண்டு என்று ஒவ்வொன்றாக ஏற்றி, சேமித்து, முதல் ஒரு நிமிஷமும் கடைசி ஒரு நிமிஷமும் கேட்டுச் சரிபார்த்தேன்.

வேர்ட் ஃபைல்கள் பழுதுபெட்டி அண்ணா சொன்னபடியே போய்விட்டன. ஷேடோ காப்பி இல்லை. வெளி டிஸ்க்கில் ஃபோட்டோரெக் ஒரு இரவு முழுக்க ஓடி 5 கதைகளைக் கொண்டுவந்தது, அதில் இரண்டு பாதியில் நிற்கின்றன. பிறகுதான் மூளை வேலை செய்தது: தட்டச்சு முடிக்க முடிக்க அக்காவுக்கு மெயிலில் அனுப்பிக்கொண்டிருந்தேன். அனுப்பிய கடிதங்களில் தேடினால் 18 கதைகள் இணைப்பாக அப்படியே இருக்கின்றன. மீதியை மறுபடி கேட்டுத் தட்டச்சு செய்ய வேண்டியதுதான், அதில் எனக்குக் கஷ்டமில்லை.

கடவுச்சொல்காரி, நீங்கள் சொன்ன அன்றே எல்லாவற்றையும் மாற்றினேன். மெயிலில் நான் போகாத ஊரிலிருந்து ஒரு லாகின் முயற்சி இருந்தது, நல்லவேளை. கணினியில் விண்டோஸைப் புதிதாக ஏற்றிவிட்டேன். விரைவுவிடை நண்பரே, கடைசியில் உங்கள் பேச்சையும் கேட்டேன்.

மெமரி கார்டு பற்றி. அதை நான் பலமுறை அழித்து அழித்துப் பதிவு செய்திருந்ததால் பெரிதாக எதிர்பார்க்கவில்லை. ஃபோட்டோரெக் 7 வேவ் ஃபைல்களை எடுத்தது. பெயர் எல்லாம் போய், வெறும் எண்களாக இருந்தன. எது எந்தக் கதை என்று கேட்டுத்தான் கண்டுபிடித்தேன்.

ஒரு விஷயம் உங்களிடம் சொல்லவில்லை. ரெக்கார்டரை நான் அமுக்கியதும் அம்மா 'ஓடுதா?' என்று கேட்பார். எல்லாப் பதிவிலும் அதுதான் முதல் சொல். நான் 'ஓடுதும்மா' என்பேன், பிறகு கதை தொடங்கும். ஆடாசிட்டியில் வந்த பதிவுகளில் அது இல்லை. சரியாக அந்த ஒன்றே முக்கால் விநாடிக்குள் அது போயிருக்கிறது. எல்லாமே என் பதிலில் இருந்துதான் தொடங்குகின்றன, சிலவற்றில் அதுவும் பாதி. கார்டில் கிடைத்த ஏழிலும் அது இருக்கிறது.

அலைவரிசை எழுதியது:

அந்த ஏழையும் இன்றே இரண்டு இடத்தில் நகல் எடுங்கள். ஒன்று எப்போதும் கணினியில் சொருகாத டிஸ்க். மற்றது மேகச் சேமிப்பு, பழைய பிரதிகளை வைத்திருக்கிற வகையாக.

பழுதுபெட்டி எழுதியது:

பூட்டிய வேர்ட் ஃபைல்களையும் தூக்கிப் போடாதீர்கள் நண்பரே. டெஸ்லாகிரிப்ட் என்ற ரான்சம்வேரை நடத்தியவர்கள் 2016 மே மாதம் கடையை மூடும்போது மாஸ்டர் சாவியைத் தாங்களே வெளியிட்டார்கள். இதற்கும் அப்படி நடக்கும் என்று சொல்லவில்லை. ஆனால் ஃபைல்களோடு ரீட்மீயையும் சிஸ்டம்ஐடி ஃபோல்டரையும் ஒரு டிஸ்க்கில் போட்டு, மேலே தேதி எழுதி, ஓரமாக வையுங்கள். இடமா அடைக்கிறது?

கதைகேட்டவன் எழுதியது:

வைத்துவிட்டேன் அண்ணா. இன்று 19ஆவது கதையைத் தட்டச்சு செய்யத் தொடங்கியிருக்கிறேன்.